வண்டி ஓடினால் மாடு தங்கும்
மகளோடு சேர்ந்து பழைய கட்டை வண்டியை மீட்ட அனுபவம்

நம்ம கூட்டங்களில் அமுதக்கரைசல், பஞ்சகவ்யம் பற்றி மணிக்கணக்கா பேசுறோம். தொழு உரத்தைக் குப்பைக்குழியிலிருந்து காட்டுக்கு யார் சுமக்கிறது, எதில் சுமக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசுறதில்லை. எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுவான பரிந்துரை. ஏக்கருக்கு 5 டன் வருது. எனக்கு இருக்கிறது 4 ஏக்கர். அப்போ 20 டன். தலைச்சுமையா இதைச் சுமக்க ஆள் கிடையாது. டிராக்டர் டிப்பருக்குச் சொன்னால், அவங்களுக்கு ஒழியுற நாளில்தான் வருவாங்க. மழை பெய்த மறுநாள் ஈரக்காட்டுக்குள் இறங்கினால் டயர் தடத்தில் மண் கல்லா இறுகிப் போகுது. தென்னைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயும் நசுங்குது.

எங்க ஊர் காங்கேயம் பக்கம். தொழுவத்தில் இரண்டு பசு, ஒரு ஜோடி காங்கேயம் எருது. ஒன்று மயிலை, இன்னொன்று செவலை. இந்த ஜோடிக்கு வருசத்தில் இருபது, இருபத்தைந்து நாள் உழவு இருக்கும். மிச்ச நாளெல்லாம் கட்டுத்தரையில் நிற்கும். போன சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு மாடு சேர்க்க வந்த வியாபாரி, "ஏனுங்க, சும்மா நிக்கிற மாட்டுக்குத் தட்டும் தவுடும் போட்டு என்ன பண்றீங்க?"ன்னு கேட்டு ஒரு விலையும் சொன்னார். வீட்டிலும் அதே பேச்சு. பசுவாவது பால் கொடுக்குது, எருது எதுக்குன்னு.

நாட்டு மாட்டைக் காப்போம்னு மேடையில் சொல்ற நாம் எல்லாரும் வீட்டில் சந்திக்கிற கேள்வி இது. பசுவைக் காப்பாற்றக் காரணம் சொல்லிவிடலாம். காளைக்கன்று பிறந்தால் என்ன செய்யறது? வேலை இருந்தால்தான் எருது தங்கும். இல்லைன்னா ஏதாவது ஒரு சந்தையில் கைமாறி, கடைசியில் எங்கே போகும்னு நமக்கெல்லாம் தெரியும்.

என் மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருசம் படிக்கிறாள். அன்றைக்கு விடுமுறையில் வீட்டில் இருந்தாள். வியாபாரி போனதும் கேட்டாள்: "வேலை இல்லைன்னுதானேப்பா விக்கறீங்க? வேலை குடுத்தா?" கேட்டுவிட்டு, தென்புறச் சாளையில் சாத்தி வைத்திருந்த கட்டை வண்டியைக் காட்டினாள். எங்கப்பா ஓட்டிய வண்டி அது. நாங்கள் அவரை ஐயன்னுதான் கூப்பிடுவோம். 2009-இல் ஐயன் தவறிய பிறகு அந்த வண்டி சாளையை விட்டு வெளியே வரவில்லை. மகள் அதில் ஏறி விளையாடி இருக்கிறாளே தவிர, ஓடிப் பார்த்ததில்லை. அவளுடைய விடுமுறை முடிவதற்குள் ஓட வைப்பது என்று முடிவு செய்தோம். அதுவரைக்கும் ஜோடியை விற்கிறதில்லை என்று வீட்டில் ஒரு தவணை வாங்கினோம்.

முதலில் பிரித்தோம்

பழைய வண்டியை மீட்க நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் புதுச் சாமான் வாங்கப் போக வேண்டாம். முழுசாகப் பிரித்துப் பாருங்கள். கட்டை வண்டியில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரிதான் செய்திருப்பார்கள்.

இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் படுக்கப் போட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் சாக்பீஸில் எண் போட்டோம். மகள் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து கிளம்புகிற 12 கட்டைகள் ஆரக்கால். அதன் நுனிகளைச் சேர்த்து வட்டமாக நிற்பது வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் வீதம் சக்கரத்துக்கு 6 வட்டை. எல்லாவற்றையும் சுற்றிப் பிடித்திருப்பது இரும்புப் பட்டை. குடத்துக்குள் நுழைவது அச்சு. சக்கரம் கழன்று ஓடாமல் தடுப்பது கடையாணி. அச்சு மேல் உட்காருவது தெப்பக்கட்டை. அதிலிருந்து மாடு வரைக்கும் நீளுவது ஏர்க்கால். முன்னால் நுகத்தடி, அதில் பூட்டாங்கயிறு. பக்கத்தில் பாரம் சரியாமல் நிற்கிறது முளைக்குச்சி.

ஹப், ஸ்போக், ரிம் என்று அவள் பாடத்தில் படித்ததற்கெல்லாம் எங்கள் வீட்டுச் சாளையிலேயே தமிழில் பேர் இருந்தது அவளுக்குச் சந்தோசம். எனக்கு வேறொரு நினைப்பு ஓடியது. இந்தப் பேர்களை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வண்டி தினமும் ஓடியதால் காதில் விழுந்து தங்கிவிட்டது. வண்டி நின்ற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எழுதி வைத்தால்தான் உண்டு.

கணக்கெடுத்தபோது நிலைமை தெரிந்தது. 24 ஆரக்காலில் 7 போய்விட்டது. 12 வட்டையில் 4 வெடிப்பு. ஏர்க்காலின் அடிப்பக்கம் கரையான் தின்றிருந்தது. நுகத்தடி ஒரு முனையில் பிளந்திருந்தது. குடம் இரண்டும், அச்சும், தெப்பக்கட்டையும் நன்றாக இருந்தன. பட்டைகள் துருப்பிடித்து, மரம் சுருங்கியதால் கையால் ஆட்டினால் ஆடின. ஆனால் தேய்மானம் அதிகம் இல்லை. பாதிக்கு மேல் பழசே பயன்படும் என்று தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்தது.

டயர் வண்டியா, கட்டை வண்டியா?

இந்த இடத்தில் எனக்கும் மகளுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். பேரிங் அச்சு போட்டு, பழைய கார் டயர் மாட்டி டயர் வண்டியாக மாற்றிவிடலாம் என்றாள். உராய்வு குறையும், மாட்டுக்கு இழுவை சுலபம் என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தார்ச்சாலையில் பாரம் ஏற்றிப் போகிறவர்களுக்கு டயர் வண்டிதான் மாட்டுக்கு நல்லது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியை மாட்டுக்கு நோகாதபடி மேம்படுத்த வேண்டும் என்று பல வருசம் பாடுபட்டவர். நுகத்தடி கழுத்தைப் புண்ணாக்குவது, வண்டியின் சொந்த எடையே மாட்டுக்குப் பாரமாவது இதையெல்லாம் அவர் எடுத்துச் சொன்னார்.

எங்களுக்கு வேலை குப்பைக்குழியிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து களத்துக்கும்தான். இட்டேரியிலும் கொரங்காட்டு ஓரத்திலும் வேலமுள் கிடக்கிறது. வாரம் ஒரு பஞ்சர் ஒட்டினால் கட்டுமா? 5 அடி உயரச் சக்கரம் குண்டுகுழியில் ஏறி இறங்குவது சின்ன டயரை விடச் சுலபம். இதை அவளே ஒரு படம் வரைந்து பார்த்து ஒத்துக்கொண்டாள். சக்கரம் பழைய மாதிரியே இருக்கட்டும், நுகத்தடியை மட்டும் புதுசாக, கழுத்தில் உட்காருகிற இடத்தை அகலமாக, முனை இல்லாமல் உருட்டி இழைத்துப் போடுவோம் என்று சமாதானம் ஆனோம்.

ஆசாரியைத் தேடி

மரம் எங்களிடமே இருந்தது. வேலியோரம் நின்ற நாட்டுக் கருவேல மரம் ஒன்று முந்தின வருசக் காற்றில் சாய்ந்து, வெட்டிக் கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு நிழலில் காய வைத்திருந்தோம். தண்ணீரில் ஊறினால் மரத்தின் சாறு இறங்கிவிடும், வண்டு துளைப்பது குறையும். ஆரக்காலுக்கும் வட்டைக்கும் கருவேலம் போல உழைக்கிற மரம் எங்கள் பக்கம் வேறு இல்லை. சீமைக்கருவேலத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது குடை மாதிரி விரிந்து, மணிமணியாக காய் காய்க்கிற நாட்டு மரம். ஆடு அந்தக் காயை விரும்பித் தின்னும்.

மரம் இருந்தது, சக்கரம் சேர்க்கத் தெரிந்த ஆள்தான் இல்லை. நான்கு ஊர் விசாரித்தோம். கதவு, நிலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர் கிடைத்தார். வயது 76. வண்டி வேலை செய்தே பதினெட்டு வருசம் ஆச்சு என்றார். மகளைப் பார்த்துச் சொன்னார்: "அம்முணி, என்ற கைக்கு இப்ப வாச்சி நிக்க மாட்டேங்குது. நான் ஒக்காந்து சொல்றேன். நீயும் உங்கப்பனும் செய்யோணும். சம்மதமா?"

எங்களுக்கு வேறு வழியும் இல்லை, அதைவிட நல்ல வழியும் இல்லை. அவர் பதினாறு நாள் வந்தார். காலையில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்காருவார். நான் வாச்சியில் செதுக்குவேன். மகள் கொட்டாப்புளியும் உளியும் வைத்துத் துளை எடுப்பாள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வந்து கையால் தடவிப் பார்ப்பார். கண்ணால் பார்த்ததை விட விரலால் பார்த்ததுதான் அதிகம்.

அவர் சொன்னதில் முக்கியமான மூன்றை மகளின் நோட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

ஒன்று: ஆரக்காலின் கழுந்து குடத்துத் துளைக்குள் சும்மா நுழையக் கூடாது. அடித்தால்தான் இறங்க வேண்டும். கையால் நுழைந்தால் அந்தக் கட்டை விறகுக்கு.

இரண்டு: எதிரெதிர் ஆரக்காலாக அடித்துக்கொண்டு வரவேண்டும். ஒரே பக்கமாக அடித்தால் குடம் வெடிக்கும், சக்கரம் கோணும்.

மூன்று: வட்டைகளைச் சேர்க்கும்போது ஒன்றுக்கொன்று முட்ட வைக்கக் கூடாது. ஈர்க்குச்சி நுழைகிற அளவு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியை அடைக்கிறது நெருப்பின் வேலை.

முதல் வட்டையை நான் செதுக்கிக் கொடுத்தபோது ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. மகள் எடுத்த முதல் துளையைத் தடவிவிட்டு, "இது நிக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அடுத்த துளையை முடித்தாள். அதுவரைக்கும் காட்டு வேலை என்றால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற பிள்ளைதான்.

பட்டை ஏற்றிய நாள்

மரம் சுருங்கியிருந்ததால் பழைய பட்டையை அப்படியே ஏற்ற முடியாது. வெட்டிக் குறுக்கி ஒட்ட வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் வித்தை. ஆசாரி சக்கரத்தைச் சுற்றி நூல் பிடித்தார். பட்டையின் உள்சுற்று அந்த நூலை விட முக்கால் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும் என்றார். குறைவாக இருந்தால் எப்படி நுழையும் என்று மகள் கணக்குப் போட்டாள். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு 100 டிகிரி சூட்டுக்கும் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். 5 அடிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4.8 மீட்டர். 600 டிகிரி சூடேறினால் 35 மில்லிமீட்டர் வரைக்கும் நீளும். முக்கால் அங்குலம் என்பது 19 மில்லிமீட்டர். ஆக, சூட்டில் பட்டை சக்கரத்தை விடச் சுற்றளவில் 16 மில்லிமீட்டர் பெரிதாகி இறங்கிவிடும், ஆறும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கணக்கை ஆசாரியிடம் படித்துக் காட்டினாள். "காயிதத்துலயும் அதேதான் வருதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

வெட்டி ஒட்டும் வேலையை வெல்டிங் பட்டறையில் முடித்துக்கொண்டோம். பட்டை ஏற்றுகிற வேலையைக் களத்திலேயே செய்தோம். காலை 6 மணிக்குத் தரையில் மூன்று கல் வைத்து, பட்டையைப் படுக்கப் போட்டு, சுற்றிலும் வறட்டியும் தேங்காய்மட்டையும் அடுக்கித் தீ வைத்தோம். தீ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எரிய வேண்டும். பட்டை மங்கிய சிவப்புக்கு வந்ததும் நான்கு பேர் நான்கு குறடு பிடித்துத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தோம். ஒரு குறடு மகள் கையில். வைத்தவுடன் வட்டை புகைந்து தீப்பிடித்தது. சம்மட்டியால் தட்டி இறக்கி, தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஆசாரி. ஒரே இடத்தில் கொட்டாமல் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் முதலில் ஆறினால் சக்கரம் கோணிவிடும். மகள் குடத்தோடு சுற்றி ஓடினாள். கட்டைகள் நெறுநெறுவென்று சத்தம் போட்டு இறுகின. புகை அடங்கியதும் பார்த்தால் ஈர்க்குச்சி இடைவெளி ஒன்றுகூட இல்லை. ஆணி இல்லை, பசை இல்லை, 12 ஆரக்காலும் ஒரே கட்டை மாதிரி நின்றன.

ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் யாரும் இதைப் பார்த்ததில்லை. நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். இரண்டாவது சக்கரத்துக்குக் குறடு பிடிக்கக் கேட்காமலே ஆள் வந்தது.

மையும் எண்ணெயும்

அச்சுக்கு மை நாங்களே செய்தோம். வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, நைசாக அரைத்து, விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை தயார். வரப்போரத்தில் நாலு ஆமணக்குச் செடி இருந்தால் வருசத்துக்குத் தேவையான எண்ணெய் வந்துவிடும். மரத்துக்கு வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் கலந்து மூன்று முறை பூசினோம். கரையானுக்கு விசம் எதுவும் அடிக்கவில்லை. வண்டியை நிறுத்துகிற இடத்தில் கல் பாவி, தரையில் மரம் படாமல் வைத்திருக்கிறோம்.

மொத்தச் செலவு 27,000 ரூபாய் ஆனது. ஆசாரி கூலி 19,200. வெல்டிங் பட்டறைக்கு 4,000. மில்லில் மரம் அறுக்க 2,500. கயிறு, எண்ணெய், சில்லறை 1,300. எங்கள் இரண்டு பேர் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. கவனித்துப் பாருங்கள், முக்கால் பங்குக்கு அருகில் ஒரு கைவினைஞரின் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஊர்ப் பணம் ஊரிலேயே சுற்ற வேண்டும் என்று ஜே.சி. குமரப்பா வற்புறுத்தியதன் பொருள் இந்தக் கணக்கை எழுதும்போது விளங்கியது.

மாட்டுக்குப் பழக்கம்

எங்கள் ஜோடி உழவு தெரிந்தது, வண்டி தெரியாது. முதல் நான்கு நாள் நுகத்தில் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுக்க விட்டோம். பிறகு வெறும் வண்டி. பத்தாவது நாள் கால் பாரம். சக்கரச் சத்தத்துக்குச் செவலை முதலில் மிரண்டது. மகள் முன்னால் கயிற்றைப் பிடித்து நடக்க நடக்க அடங்கியது.

பாரம் ஏற்றுவதில் ஒரு நிதானம் வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை அழுத்தும். ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு ஆள் ஒரு கையால் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் அளவு. நாங்கள் ஒரு நடைக்கு அரை டன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை.

சட்டமும் இருக்கிறது. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளை மகள் படித்துச் சொன்னாள். நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு விடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வாங்கக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற இடத்தில் மதியம் 12 முதல் 3 வரைக்கும் பூட்டவே கூடாது. ஐயன் இதையெல்லாம் படித்ததில்லை. ஆனால் உச்சி வெயிலில் அவர் மாடு பூட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது என்ன நிலைமை?

ஆடிப்பட்டத்துக்கு முன்பு 20 டன் தொழு உரத்தையும் இந்த வண்டியிலேயே காட்டுக்குச் சேர்த்தோம். ஒரு நடைக்கு அரை டன் வீதம் 40 நடை. ஒரு நாளைக்கு நான்கு நடை, பத்து நாள். டிப்பர் ஒரே நாளில் முடித்திருக்கும், உண்மைதான். ஆனால் டிப்பர் ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் போகும், அதைக் கூடையில் அள்ளிப் பரப்ப மறுபடி ஆள் வேண்டும். வண்டியில் போகிற போக்கில் பத்தடிக்கு ஒரு கூடை என்று இறக்கிக்கொண்டே போய்விட்டோம். சொட்டுநீர்க் குழாய் ஒன்றுகூட நசுங்கவில்லை. எருது போட்ட சாணியும் குழிக்கு வந்தது. வண்டியால் எல்லாம் ஆகிவிடாது. சந்தைக்கு 25 கிலோமீட்டர், அதற்கு இன்னமும் மினி லாரிதான். சாலையைக் கடக்க வேண்டியிருப்பதால் வண்டிக்குப் பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டியிருக்கிறோம், மாட்டுக்கு லாடம் அடித்திருக்கிறோம்.

வியாபாரி மறுபடி வந்தார். ஜோடி வண்டியில் பூட்டி நின்றதைப் பார்த்துவிட்டு விலை பேசாமல் மோர் குடித்துவிட்டுப் போனார். பசு போட்ட காளைக்கன்றை அடுத்த ஜோடிக்கு வைத்துக்கொள்வது என்று வீட்டிலேயே இப்போது பேச்சு.

உங்கள் சாளையிலும் ஒரு வண்டி சாத்தி வைத்திருக்கலாம். விறகுக்குப் போடும் முன் குடத்தையும் அச்சையும் தட்டிப் பாருங்கள். அவை இரண்டும் நன்றாக இருந்தால் வண்டியை மீட்கலாம். உங்கள் பக்கத்தில் சக்கரம் சேர்க்கத் தெரிந்த ஆசாரி இருந்தால், வேலை இல்லாவிட்டாலும் ஒருநாள் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள், கூடவே வீட்டுப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். வேலியோரம் பத்து நாட்டுக் கருவேல விதை ஊன்றுங்கள். இன்று ஊன்றினால்தான் நம் பிள்ளைகளுக்கு ஆரக்கால் கிடைக்கும்.

பக்கத்து ஊரில் இரண்டு பேர் தங்கள் வண்டியைப் பிரித்து வைத்துவிட்டு ஆசாரியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர் வரச் சம்மதித்திருக்கிறார். துளை எடுக்க சனி, ஞாயிறில் அம்முணியை அனுப்ப வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. மகள் சரி என்று சொல்லியிருக்கிறாள், கூலி எவ்வளவு என்று கேட்ட பிறகு.